ஒரு சாண் மஞ்சள்

"அதெல்லாம் சரிம்மா. கைல காப்பு ஓக்கே, வெறுங்கால்கூட பேசிப் பாக்கலாம். ஆனா மஞ்சள் மட்டும் தா போலே. முடியவே முடியாது," என்றார் நஸ்ருல் சார்.

கைப்பேசித் திரையில் அவருடைய சொங்கோக் தொப்பியும் அதற்குக் கீழே பாதி நெற்றியும்தான் தெரிந்தன. கல்லூரியில் மாணவர் நல அதிகாரியாக இருக்கிறார், வீடியோ அழைப்பில் முகத்தை எங்கே வைப்பது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.

"சார், மேல பட்டமளிப்பு ஜூபா போட்டா எல்லாம் மறைஞ்சிடும் சார். கீழ ஒரு சாண்தான் தெரியும்," என்றாள் ரூபினி.

"அந்த ஒரு சாணுதாம்மா பிரச்சினை."

ரூபினி என் பெரியப்பா மகள். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடு. அவள் தும்மினால் நான் இங்கிருந்து "நூறு வயசு" சொல்வேன், சுவர் அவ்வளவு மெலிசு. தானா ராத்தாவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா படித்தாள். கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் பயம் தாங்காமல் மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய், "பாஸ் ஆனா தீ மிதிக்கிறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டாள். பாஸ் ஆனாள். அம்மன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டாள். அதன் பிறகு குழப்பியதெல்லாம் மனிதர்கள்தான்.

ஏனென்றால் சனிக்கிழமை பட்டமளிப்பு, ஞாயிற்றுக்கிழமை தீமிதி. தீ மிதிக்கிறவர்களுக்கு ஒரு வாரம் முன்பே காப்புக் கட்டிவிடுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. அன்றிலிருந்து மஞ்சள் நீரில் நனைத்த சேலைதான் கட்ட வேண்டும், செருப்பு கிடையாது. காப்பு அவிழ்கிற வரை வேறு துணி மாற்ற முடியாது. அதாவது பாஸ் ஆனதால் காப்பு, காப்பு இருப்பதால் மேடை இல்லை. நான் இதை யோசித்து யோசித்து ஸ்ட்ராபெரி தோட்டத்து டிக்கெட் கவுன்டரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இரண்டு முறை டிக்கெட் கொடுத்துவிட்டேன்.

"ஏன் சார் மஞ்சளைப் பாத்து இவ்ளோ பயம்?" என்று நான் தலையை நுழைத்தேன்.

"யாரு, யுவாவா? பயம் இல்லமா. மஞ்சள் அரண்மனை கலர். பெரிய விழாவுல மத்தவங்க போடக்கூடாது."

"அரண்மனையிலேர்ந்து யாராச்சும் வர்றாங்களா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒருத்தர் வர்றதா இருந்துச்சு. அதுக்குப் போட்ட ரூல்தான் இது."

"வந்தாங்களா?"

"மண் சரிஞ்சு ரோடு மூடிடுச்சு. வரல."

ஆள் வரவில்லை, விதி மட்டும் வந்து தங்கிவிட்டது.

"இந்த வருஷம் சீப் கெஸ்ட் யாரு சார்?"

"உரக் கம்பெனி முதலாளி, டத்தோ பட்டம் வாங்கினவரு."

"அவரு ராஜாவா?"

"இல்ல. ஆனா ரூல் ராஜாதானேமா."

"என் கிளாஸ் நாதிரா துடோங் முக்காடு போட்டுக்கிட்டுத்தானே சார் மேடை ஏறப்போறா?" என்றாள் ரூபினி. "அவளுக்கு மதம் இருக்கு, எனக்கு இல்லையா?"

"இருக்கும்மா! யாரு இல்லன்னு சொன்னா? அவகிட்டயும் சொல்லிட்டேன், எந்தக் கலர் துடோங் வேணாலும் போடு, மஞ்சள் வேணாம்னு. நாங்க ரொம்ப நியாயமான ஆளுங்க."

அப்போதுதான் எனக்குள் மின்னல் வெட்டியது. நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லாக் குட்டிச்சுவரும் இங்கேதான் ஆரம்பம். தமிழில் நிறத்துக்கும் மஞ்சள்தான், கிழங்குக்கும் மஞ்சள்தான். மலாயில் அப்படி இல்லை. நிறம் என்றால் கூனிங். சமையல் மஞ்சள் என்றால் குன்யிட். ரூபினி கல்லூரியில் போய் "மஞ்சள் சேலை" என்று தமிழிலேயே யோசித்து, மலாயில் "கூனிங்" என்று கேட்டிருக்கிறாள். கேட்டதே தப்பு!

"சார்! விதியில என்ன சார் எழுதியிருக்கு? கூனிங் கூடாதுன்னுதானே? இது கூனிங் இல்ல சார். குன்யிட்! வெள்ளச் சேலைய மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தது. கலரே இல்ல, மசாலா!"

திரையில் பாதி நெற்றி சுருங்கியது. "அட," என்றார் நஸ்ருல் சார். "இரு, துவான் பெங்காராகிட்ட கேட்டுட்டு வர்றேன்." துவான் என்றால் ஐயா, பெங்காரா என்றால் இயக்குநர், கல்லூரியின் கடைசி வார்த்தை அவருடையது.

நான் வெற்றி வெற்றி என்று லயத்தின் வாசலில் குதித்தேன். மலையில் மழை பெய்துகொண்டிருந்ததால் ஒருவரும் கூடக் குதிக்க வரவில்லை.

மறுநாள் நஸ்ருல் சார் நேரிலேயே வந்துவிட்டார். மோட்டாரில், மழைக்கோட்டுடன், கையில் ஒரு பொட்டலம். பிரிஞ்சாங் டவுனில் அவருடைய அத்தா சாகுல் ஹமீது கடை வைத்திருக்கிறார், கொத்து ரொட்டிக்குப் பேர்போன கடை.

"பயப்படாதீங்க, வெறும் தோசை. காப்புக் கட்டியிருக்கீங்கன்னு அத்தா தனிக் கல்லுல சுட்டாரு. இதுல முட்டைகூட இல்ல," என்று பொட்டலத்தைத் தங்கம்மா பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா ரூபினியின் அம்மா, தேயிலைக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், முழங்கால் வரை சேறு.

"பெங்காரா ஒத்துக்கிட்டாரு!" என்றார் சார், உட்காரும் முன்பே. "குன்யிட் வேற, கூனிங் வேறன்னு சொல்லிட்டாரு. கலர்ல சேராதாம்."

"அப்பாடி!" என்றேன் நான்.

"ஒரே ஒரு சின்ன விஷயம். கலர்ல சேராதுன்னா எதுல சேரும்னு யோசிச்சாரு. வெள்ளத் துணியில குன்யிட் பட்டா அது கறை. அதனால வாசல்ல கேட்டா, 'இது கறை படிஞ்ச வெள்ளைச் சேலை'ன்னு ரூபினி சொல்லணும். அவ்ளோதான். கறையோட வர்றதுக்கு ஸ்பெஷல் பெர்மிஷன் கொடுத்துட்டாரு. பெரிய மனசு."

ரூபினி தோசையைக் கீழே வைத்தாள். "கறையா?"

"பேச்சுக்குத்தாம்மா."

"என் சீலை அழுக்குன்னு நானே சொல்லணுமா?"

"சொல்லிட்டுப் போயேன்டி," என்றாள் பெரியம்மா. "வாய்வார்த்தைதானே. நான் காட்டுல டெய்லி சேத்தோட வர்றேன், யாரு என்ன சொல்லிட்டாங்க?"

"ம்மா, அது சேறு. இது அம்மனுக்குக் கட்டினது. கறைன்னு சொல்லிட்டு மறுநாள் அதே சீலையோட தீயில எறங்கணும். அவ காதுல விழாதா?"

பெரியம்மா கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் மேடை ஏறணும் சார். இந்த சீலையோட ஏறணும். மஞ்சள்னு சொல்லி ஏறணும்," என்றாள் ரூபினி. "இல்லன்னா வரல. சர்ட்டிபிகேட்ட போஸ்ட்ல அனுப்புங்க."

மூன்று வருஷம் அதிகாலைக் குளிரில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் படித்தவள் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சார் சொங்கோக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"நான் என்னமா பண்ண? காலேஜ் கேட்டுக்குள்ள காலேஜ் ரூல்."

இவ்வளவு நேரம் வெளியே தீக்குழிக்கு விறகு அளந்துகொண்டிருந்த வேலப்பன் மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கோயில் கமிட்டித் தலைவர். கோசு லோரி ஓட்டுகிறவர். இரண்டு பதவிக்கும் ஒரே குரல்தான் வைத்திருக்கிறார், மலை வளைவில் ஹாரன் அடிப்பதுபோல.

"தம்பி நஸ்ருல்! கேட்டுக்குள்ள உங்க ரூலு. எல்லைக்குள்ள எங்க ரூலு. சரிதானே?"

"சரிதான் மாமா," என்றார் சார், யோசிக்காமல்.

"அப்ப நாங்க எல்லையக் கொண்டுட்டு வர்றோம்லா."

இதை விளக்க வேண்டும். காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடியும் வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. அது இன்னொரு சிக்கல். அதை நாங்கள் யாரும் அதுவரை பேசவில்லை, ஒரு நேரத்துக்கு ஒரு தலைவலி போதும் என்று விட்டுவைத்திருந்தோம். எங்கள் எல்லை, தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் இருக்கிறது. முன்பு அங்கே கல் இருந்தது. ரோட்டை அகலப்படுத்தும்போது கல் காணாமல் போனது. அதற்குப் பதிலாகப் பெரிய பெயின்ட் டின்னில் சிமென்ட் ஊற்றிச் சூலத்தை நட்டு வைத்தார்கள். டின்னில் இன்னும் 'மழைக்குத் தாங்கும்' என்று மலாயில் எழுதியிருக்கும். போன வருஷம் மாமாவே லோரியை ரிவர்ஸ் எடுத்து அதை இடித்து, அது உருண்டு பள்ளத்தில் விழுந்து, திருவிழா முடியும் வரை அங்கேயே கிடந்தது. அந்த வருஷம் தீ மிதித்தவர்கள் ஒருவருக்கும் கால் சுடவில்லை.

"அப்ப என்ன அர்த்தம்?" என்றார் மாமா. "எல்லை நகரும். அம்மா ஒத்துக்கிட்டா. எல்லைங்கறது ரப்பர் மாதிரி, இழுத்தா வரும்."

சனிக்கிழமை காலையில் கோசு லோரியைக் கழுவி, சுற்றிலும் வேப்பிலை கட்டினோம். பின்னால் டின்னைத் தூக்கி வைத்தோம், நாலு ஆள் வேண்டியிருந்தது. டின்னுக்குப் பின்னால் ரூபினி, மஞ்சள் சேலை, மேலே கறுப்பு அங்கி, தலையில் பட்டத் தொப்பி. பக்கத்தில் நானும் பெரியம்மாவும். மாமாவின் கணக்குப்படி டின் முன்னால் போகும்வரை அவள் எல்லைக்குள்தான் இருக்கிறாள். கோயிலிலிருந்து டின் வரைக்கும் உள்ள ரோடு முழுக்க இப்போது அம்மனுடையது.

சனிக்கிழமை ஆதலால் சுற்றுலாக்காரர்களின் கார்கள் மலை முழுக்க நின்றன. நத்தைபோல நகர்ந்தோம். ரோட்டோரத்தில் ஒருவர் கோழி சாத்தே சுட்டுக்கொண்டிருந்தார். மாமா லோரியை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"பாங், அண்ணே! இன்னைக்கு நீங்க எங்க எல்லைக்குள்ள இருக்கீங்க. கோழி வேணாம்!"

அவருக்குத் தமிழ் தெரியாது. லோரியின் மேல் நின்ற சூலத்தையும் பட்டத் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கோழியை நெருப்பிலிருந்து எடுத்துவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு அவித்த சோளம் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நம் நாட்டில் புரியாத விஷயத்துக்கு முதலில் சாப்பாடு கொடுப்பார்கள், அப்புறம்தான் கேள்வி.

கல்லூரி வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார். மாமா ஹாரன் அடித்தே அந்தக் கையை இறக்கிவிட்டு, ஆட்களோடு டின்னைத் தூக்கிப்போய் மண்டபத்து வாசற்படி மேல் வைத்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றினார். பெரியம்மா கழற்றினாள். நான் கழற்றினேன். லோரியோடு வந்த இன்னும் இரண்டு பேரும் கழற்றினார்கள்.

அவ்வளவுதான் செய்தோம், சத்தியமாக. இந்த நாட்டில் ஒரு வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தால், அடுத்து வருகிறவர் காரணம் கேட்க மாட்டார். சீனக் குடும்பம் கழற்றியது. மலாய்க் குடும்பம் கழற்றியது. நாதிரா தன் உயரக் குதிகால் காலணியைக் கழற்றி, "அப்பாடா, காலு செத்துப்போச்சு" என்று ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் உரக் கம்பெனி டத்தோ வந்தார், குவியலைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டுப் பளபளக்கும் பூட்ஸைக் கழற்றினார். இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. வெறுங்கால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மண்டபம் முழுக்க ஒரே ஒருவர்தான் ஷூ போட்டிருந்தார், இயக்குநர். அவரையும் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கழற்றிவிட்டார்.

கழற்றின கோபத்தில்தான் ரூபினியைக் கவனித்தார். அங்கிக்குக் கீழே ஒரு சாண்.

"அந்தப் பெண் என்ன கட்டியிருக்கிறாள்?" என்று மலாயில் நஸ்ருல் சாரிடம் கேட்டார்.

சார் ரூபினியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரே வார்த்தைம்மா. கறை. சொல்லிடு. நான் கையெடுத்துக் கேக்கறேன்."

ரூபினி மேடையைப் பார்த்தாள். வரிசை நகர ஆரம்பித்திருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற பையன் போய்விட்டான்.

"மஞ்சள் சார்," என்றாள்.

"ரூபினி..."

"மஞ்சள்."

நஸ்ருல் சார் இயக்குநர் பக்கம் திரும்பினார். கூனிங் என்று மொழிபெயர்த்தால் அவள் வெளியே. குன்யிட் என்று மொழிபெயர்த்தால் அவள் அழுக்கு. அவருடைய சொங்கோக்குக்குக் கீழே வேர்வை இறங்குவதை நான் பார்த்தேன், அதுவும் கேமரன் மலைக் குளிரில்.

"அவள் 'மஞ்சள்' கட்டியிருக்கிறாள், துவான்," என்றார் மலாயில், அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டு.

"மஞ்சள் என்றால் என்ன?"

"மஞ்சள் என்றால்... மஞ்சள்தான், துவான்."

இயக்குநர் யோசித்தார். கூனிங் தடை. குன்யிட் கறை. மஞ்சளைப் பற்றி விதியில் ஒன்றுமே இல்லை. கீழே சிமென்ட் தரையின் குளிர் அவருடைய காலுறை வழியாக ஏறிக்கொண்டிருந்திருக்கும். டத்தோ வேறு ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்திருந்தார்.

"போகட்டும்," என்றார்.

ரூபினி மேடை ஏறினாள். இரண்டு கையையும் நீட்டிச் சுருளை வாங்கியபோது காப்பும் கிழங்கும் மண்டபம் முழுக்கத் தெரிந்தன. "ஏய், நிமிந்து நடடி!" என்று பெரியம்மா கத்தினாள். நான் விசில் அடித்தேன். நஸ்ருல் சாரும் கைதட்டினார், பிறகு தான் அதிகாரி என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் அதே சேலையோடு தீக்குழியில் இறங்கி நடந்தாள். நெருப்பு அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

போன வாரம் கல்லூரி நடைவழியில் பட்டதாரிகளின் படங்களை மாட்டினார்கள். எல்லோரும் வண்ணத்தில், சிரித்துக்கொண்டு. நடுவில் ரூபினி மட்டும் கறுப்பு வெள்ளையில்.

நஸ்ருல் சாரை அழைத்தேன்.

"கோவிச்சுக்காத யுவா. மேடையில ஏறுனது மஞ்சள், அதுக்கு ரூல் இல்ல. ஆனா போட்டோவுல பாத்தா கூனிங் மாதிரியே தெரியுதுன்னு துவான் சொல்லிட்டாரு. அந்த ஒரு சாண மட்டும் மாத்தச் சொன்னேன். போட்டோக்காரப் பையனுக்கு ஒரே ஒரு பட்டன்தான் தெரியுமாம். முழு ஆளும் மாறிடுச்சு."

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வரிசையில் ஒருத்தி மட்டும் கறுப்பு வெள்ளையில் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ ஒரு புண்ணியவான் அவள் படத்துக்கு மாலை போட்டுவிட்டார். எங்கள் மலையில் மலிவாகக் கிடைக்கும் பூ எது? செவ்வந்தி. சுத்தமான, கண்ணைப் பறிக்கிற மஞ்சள் செவ்வந்தி. மறுநாள் இன்னொரு மாலை. அடுத்த நாள் கீழே ஊதுபத்தி. புது மாணவர்கள் தேர்வுக்குப் போகும்போது "நல்லா படிச்ச அக்காவாம், பாவம்" என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம், நாதிரா சொன்னாள்.

"மாலைய எடுக்கச் சொல்லலியா சார்?"

"எப்படிமா? செத்தவங்களுக்குப் போட்ட மாலை. அடுத்தவங்க மத நம்பிக்கையில கை வைக்கக்கூடாதுன்னு துவான் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்த விஷயத்துல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"ரூபினி சாகல சார்!"

"எனக்குத் தெரியும்மா. ஆனா அத எழுதிக் கொடுத்தா மாலைய எடுத்துடுவாங்க. உயிரோட இருக்கறவங்க படத்துல கூனிங் கூடாது."

இப்போது எங்கள் லயமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. "வேற எந்தப் பிள்ள படத்துக்கு அவ்ளோ மஞ்சள் இருக்கு? தொங்கட்டும்லா, நாமதான் ஜெயிச்சோம்" என்கிறார் வேலப்பன் மாமா. "பெத்தவ உயிரோட இருக்கையில மகளுக்கு மாலையா" என்று பெரியம்மா காறித் துப்புகிறாள். ரூபினியோ, "நான் போய் நிக்கறேன், உயிரோட, அதே சீலையில, என் படத்துக்குப் பக்கத்துல, வண்ணப் படம் மாட்டுற வரைக்கும்" என்கிறாள். அப்படி நின்றால் முதலில் மாலைதான் போகும், வண்ணம் வருமா என்பது யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை போவதா வேண்டாமா என்று அவள் என்னைக் கேட்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் அப்படித் தோன்றுகிறது, ஒரு நிமிஷம் இப்படித் தோன்றுகிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று போய்ச் சொல்லிவிடுவதா, இல்லை அந்த மஞ்சளுக்காக இன்னும் கொஞ்ச நாள் செத்தே இருக்கட்டுமா? நீங்க என்ன நெனைக்கிறீங்க, சொல்லுங்களேன்?